நான்தான் கொன்றேனா? – ஓர் இரவில் இரண்டு பாம்புகளை இழந்தவருக்கு

கேள்வி: ஆறு வருஷமாகக் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு இரண்டு வளர்த்தேன். தனித்தனிப் பெட்டி, ஒரே ரேக், அடியில் சூடு கொடுக்கும் ஹீட் மேட், சூட்டைக் கட்டுப்படுத்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தெர்மோஸ்டாட். மேல் தட்டில் ஒரு பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு). போன வாரம் பெட்டிகளைக் கழுவித் துடைத்து மறுபடி அடுக்கினேன். மறுநாள் காலையில் கார்ன் ஸ்நேக் இரண்டும் அசையாமல் கிடந்தன. பெட்டியின் அடிப்பகுதியைத் தொடவே முடியவில்லை, அவ்வளவு சூடு. தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயர் கழன்று தரையில் கிடந்தது. பைத்தானுக்கு உயிர் இருக்கிறது, ஆனால் துவண்டு போயிருக்கிறது. நான்தான் கொன்றேனா? துடித்துச் செத்திருக்குமா? என் எட்டு வயது மகளிடம் என்ன சொல்வது? "பாம்புக்குப் போய் யாராவது அழுவார்களா" என்று வீட்டிலேயே சிரிக்கிறார்கள்.

பதில்: பைத்தானைப் பற்றி அன்றைக்கே உங்களுக்குச் சுருக்கமாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் முதலில் அதையே சொல்கிறேன். அழுவதற்கு நேரம் இருக்கிறது, உயிரோடு இருக்கும் பாம்புக்கு நேரம் இல்லை.

சூட்டில் அடிபட்ட பாம்பை உடனே வெளியே எடுத்து 24, 25 டிகிரி அளவில் இருக்கும் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஐஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜ் தண்ணீரும் வேண்டாம். உடம்பின் சூடு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். விரற்கடை ஆழத்துக்குச் சாதாரணத் தண்ணீரில் படுக்க வைக்கலாம். தலையை உங்கள் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், துவண்ட பாம்பு அந்த ஆழத்திலேயே மூழ்கிவிடும். பிறகு அதை மெல்ல மல்லாத்திப் பாருங்கள். நலமாக இருக்கும் பாம்பு சட்டென்று புரண்டு குப்புறத் திரும்பிக்கொள்ளும். திரும்ப முடியாவிட்டாலோ, தலையை வானத்தைப் பார்ப்பதுபோல் பின்னுக்கு வளைத்து வைத்திருந்தாலோ, மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். அன்றைக்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் ஒருமுறை காட்டுவது நல்லது. நீர் வற்றிச் சிறுநீரகம் கெட்டிருந்தால் வெளியே தெரியாது. அடிவயிற்றுச் செதிலில் பட்ட சூட்டுக்காயம் சில நாள் கழித்துத்தான் சிவந்து, பழுப்பேறி, கொப்புளிக்கும். இரண்டு வாரத்துக்கு இரை கொடுக்க அவசரப்படாதீர்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

"ஜோடி போன ஏக்கத்தில் சாப்பிட மறுக்கிறதோ" என்று இதற்கு முன் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த வகைப் பாம்புகள் தனியாக வாழ்பவை. பக்கத்துப் பெட்டி காலியானது அதற்குப் பெரிய விஷயமில்லை. சாப்பிடாததற்குக் காரணம் அந்த இரவின் சூடு.

அடுத்தது, பலர் தவறவிடும் ஒன்று. பாம்பு செத்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஊர்வனவற்றின் உடம்பு மிகக் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும். மூச்சு நிமிஷக்கணக்கில் இடைவெளி விட்டு வரலாம். தொட்டால் அசையாத பாம்பு சில சமயம் குளிரில் ஒடுங்கியிருக்கும். மூளை நின்ற பிறகும் இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால்தான் மருத்துவர்களான நாங்கள், இதயத் துடிப்பைக் கேட்க உதவும் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். உங்கள் கார்ன் ஸ்நேக் இரண்டும் விறைத்திருந்தன, வாய் திறந்திருந்தது, வாடையும் ஆரம்பித்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தேகம் இருக்கும் எந்தப் பாம்பையும் புதைக்காதீர்கள். "கஷ்டப்படாமல் போகட்டும்" என்று ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள். அது கருணை இல்லை.

காரணம் தெரிய வேண்டுமென்றால் பிரேதப் பரிசோதனை செய்யலாம். உடலைப் பையில் போட்டுக் கட்டி, ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில், உணவுப் பொருளிலிருந்து தள்ளி வைத்து, ஒன்றிரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். ஃப்ரீசரில் உறைந்தால் திசுக்களுக்குள் பனித்துகள் உருவாகிச் சிதைத்துவிடும், நுண்ணோக்கியில் பார்த்துக் காரணம் சொல்வது கடினமாகிவிடும். எடுத்துவைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சாதாரணம், உயிர் போன பிறகு அது போய்விடுவதில்லை.

"காரணம்தான் தெரியுமே, எதற்குப் பரிசோதனை" என்று கேட்பீர்கள். இரண்டு பாம்பு ஒரே இரவில் செத்தால் நானும் முதலில் சூட்டைத்தான் சந்தேகிப்பேன். ஆனால் பூச்சிமருந்துப் புகையும் இப்படிச் செய்யும், பெட்டி கழுவிய திரவம் சரியாக அலசப்படாமல் மூடிய பெட்டியில் ஆவியாகிக் கிளம்பினாலும் செய்யும். வைரஸ் என்றால் மூன்றாவது பாம்புக்கும் ஆபத்து. குற்ற உணர்வுக்கு ஒரு குணம் உண்டு. அது முதலில் தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம்தான் சாட்சி தேடும். அதை ஒருமுறையாவது காரணத்தின் முன்னால் நிறுத்த வேண்டும்.

உங்கள் வீட்டில் அன்றிரவு நடந்ததை நான் இப்படித்தான் ஊகிக்கிறேன். சென்சாரைப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த டேப் பழையது. நீங்கள் அனுப்பிய படத்தில் பசை காய்ந்து மஞ்சளாகி, ஓரத்தில் தூசி படிந்திருப்பது தெரிகிறது. கழுவிய ஈரம் பட்டதும் விட்டிருக்கிறது. பெட்டியை உள்ளே தள்ளியபோது வயர் இழுபட்டுச் சென்சார் தரையில் விழுந்திருக்கிறது. தரையின் சூடு 24 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு நீங்கள் கொடுத்த உத்தரவு 30. அது பாவம், தரையைப் பார்த்துவிட்டு "இன்னும் சூடு வரவில்லை" என்று ஹீட் மேட்டுக்கு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத ஹீட் மேட் காற்றோட்டம் இல்லாத இடுக்கில் 45 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31 வரை போதும். 40-ஐ நெருங்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து. பைத்தான் தப்பியதற்கு அதன் கனத்த உடம்பு மெதுவாகச் சூடேறியதும், மேல் தட்டில் கொஞ்சம் காற்று கிடைத்ததும் காரணமாக இருக்கலாம்.

துடித்திருக்குமா? வலியே தெரியாமல் போயிருக்கும் என்று உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். சூடு ஏறும்போது பாம்பு முதலில் குளிர்ந்த பக்கம் தேடும், தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ச் சுருளும், மூடியை மூக்கால் முட்டும். அது தவிப்புதான். ஆனால் உடம்பின் சூடு ஓர் எல்லையைத் தொட்டதும் முதலில் தசைகளின் கட்டுப்பாடு போகும், புரண்டு திரும்பும் அனிச்சை போகும், உணர்வும் மங்கத் தொடங்கும். நீங்கள் மனதில் ஓட்டிப் பார்க்கும் "இரவு முழுக்கத் துடித்தது" என்ற காட்சிக்கு ஆதாரம் இல்லை. சூட்டில் ஒரு சின்ன உடம்பு அவ்வளவு நேரம் விழித்திருக்காது.

இனி முதல் கேள்வி. உங்கள் கை பட்டுத்தான் வயர் இழுபட்டது. அதை இல்லையென்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் கை பட்டது வேறு, கொன்றது வேறு. ஆறு வருஷமாக நூற்றுக்கணக்கான முறை இதே பெட்டிகளை இதே மாதிரி இழுத்துத் தள்ளியிருக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் நீங்கள் வேறு ஆளாகிவிடவில்லை. டேப் அன்றைக்குத்தான் விட்டது. முடிவு தெரிந்த பிறகு "இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்" என்று தோன்றுவது மூளையின் பழைய வித்தை. உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். பழைய போர் ஒன்றின் விவரத்தைப் பல குழுக்களுக்குக் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவைச் சொன்னார். எந்த முடிவைச் சொன்னாரோ, அதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்தந்தக் குழு நினைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையின் அறிவை வைத்துச் சனிக்கிழமை மாலையின் உங்களை விசாரிக்கிறீர்கள். அது நியாயமான விசாரணை இல்லை.

நான் மட்டும் யோக்கியன் என்று எழுதவில்லை. பல வருஷத்துக்கு முன் என்னிடம் கிங் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு ஒன்று இருந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டே மூடியை மூடினேன். நான்கு கிளிப்பில் மூன்றைத்தான் போட்டிருக்கிறேன். பதினொரு நாள் தேடினேன். இரவில் தரையில் மாவு தூவிக் காலையில் தடம் பார்ப்பது, சுவரோரமாகச் சலசலக்கும் பிளாஸ்டிக் காகிதம் விரிப்பது, சூடான இடமெல்லாம் டார்ச் அடிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லா வேலையையும் செய்தேன். கடைசியில் நகரும் அலமாரிக் கதவின் தண்டவாளத்தில், நசுங்கிக் கிடந்தது. நானே ஒவ்வொரு நாளும் திறந்து மூடிய கதவு. அந்த நான்காவது கிளிப் பல மாதம் கனவில் வந்தது. எந்தக் கூண்டை மூடினாலும் இன்றும் வாய்விட்டு "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணுகிறேன். உதவியாளர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என்னுடையது கவனப்பிசகு. உங்களுடையது அதுகூட இல்லை, ஒரே ஒரு டேப்பை நம்பிய அமைப்பு. கவனப்பிசகு யாருக்கும் வரும். அமைப்பைத் திருத்த முடியும். உங்களுக்குப் பிடிமானம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் சிரிப்பவர்களைப் பற்றி. நாய் செத்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். பாம்பு செத்தால் "நல்லதாப் போச்சு" என்பார்கள். வெளியே சொன்னால் மதிப்பில்லாத இந்த மாதிரித் துக்கத்துக்கு, துயரத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1980-களில் தனியாகவே ஒரு பெயர் வைத்தார். ஊர் அங்கீகரிக்காத துயரம் என்று தமிழில் சொல்லலாம். ஊர் தோள் கொடுக்காத துயரம் உள்ளுக்குள் நீளும், அவ்வளவுதான். "அது என்னை அடையாளமாவது கண்டிருக்குமா" என்று கேட்டிருந்தீர்கள். நாய் மாதிரி இல்லை. நாக்கை நீட்டி உங்கள் வாசனையை எடுத்துக்கொண்டது, உங்கள் கை ஆபத்தில்லை என்று பழகிக்கொண்டது. அதற்கு மேல் அன்பு என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் ஆறு வருஷம் அதன் எடையை எழுதி வைத்தீர்கள். கண்ணில் நீலம் படர்ந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று ஈரப்பதம் கூட்டினீர்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும்போது எந்தச் சுருள் இறுக்கம், எந்தச் சுருள் சோம்பல் என்று தோலுக்கே தெரிந்திருந்தது. இத்தனையும் பாம்பு திருப்பித் தந்ததா என்று கணக்குப் பார்த்து வருவதில்லை துக்கம். பாம்பு வளர்க்கும் ஒருவரிடம் பேசுங்கள், பாதி விளக்கம் சொல்லத் தேவையே இருக்காது. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, வேலை ஓடவில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். காரணம் பாம்பு என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

மகளிடம் "செத்துப்போச்சு" என்றே சொல்லுங்கள். "தூங்குகிறது" வேண்டாம். நாளெல்லாம் அசையாமல் படுத்திருக்கும் பிராணியை வளர்க்கும் வீட்டில் அந்தச் சொல் குழந்தையை ஒவ்வொரு நாளும் பயமுறுத்தும். அதே நிறத்தில் வேறு இரண்டை வாங்கிவந்து சமாளிப்பதும் வேண்டாம். முதுகுக் கோலத்தில் ஒரு திட்டு மாறினாலும் எட்டு வயசுக் கண் பிடித்துவிடும். பாம்பு போன துக்கத்தோடு நீங்கள் ஏமாற்றிய துக்கமும் சேரும். "வயர் கழன்றது, எனக்குத் தெரியவில்லை, எனக்கும் அழுகையாக இருக்கிறது" என்று சொன்னால் போதும். பாம்பு உரித்து நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பழைய சட்டையை அவளிடம் கொடுங்கள். கண்ணை மூடியிருந்த வட்டச் செதில்கூட அதில் முழுசாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள்.

இனி ரேக். ஒரே தெர்மோஸ்டாட்டை நம்பாதீர்கள். இரண்டாவதாக ஒன்று வாங்கி, அதற்குத் தனிச் சென்சார் வைத்து, முதலாவதைவிட 2, 3 டிகிரி கூடுதலாக அமையுங்கள். சுவர் ப்ளக்கில் இந்தக் காவல்காரன், இதில் முதல் தெர்மோஸ்டாட், அதில் ஹீட் மேட். காவல்காரன் 'ஆன் - ஆஃப்' வகையாக இருக்க வேண்டும். மின்சாரத்தைக் குறைத்துக் கூட்டும் டிம்மிங் வகையை இன்னொரு தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் போடக் கூடாது. முதல் சென்சார் விழுந்தாலும் சரி, உள்ளே மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொண்டு 'ஆன்' நிலையிலேயே நின்றாலும் சரி, இரண்டாவது வெட்டிவிடும். சென்சார்களைப் பெட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில், சூடு தாங்கும் அலுமினிய டேப்பால் ஒட்டி, வயரை ரேக் காலிலும் ஒரு கிளிப் போட்டுக் கட்டுங்கள். இழுபட்டால் கிளிப் தாங்கும், சென்சார் நகராது. பெட்டிக்குள்ளே எந்த டேப்பும் வேண்டாம், பாம்பின் தோலில் ஒட்டினால் செதிலோடு உரியும். அதிகபட்ச - குறைந்தபட்ச அளவை நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றையும் ஒவ்வொரு பெட்டிக்கும் வையுங்கள். கழுவிய நாளில் மட்டும், பெட்டியை அடுக்கி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு காலிப் பெட்டிகளை இரண்டு வாரம் ஓட விடுங்கள். நடுவில் ஒருநாள் வேண்டுமென்றே முதல் சென்சாரைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, இரண்டாவது எத்தனை டிகிரியில் வெட்டுகிறது என்று எழுதி வையுங்கள். அது சரியாக வெட்டிய பிறகுதான் பைத்தான் அந்த ரேக்குக்குத் திரும்ப வேண்டும். அதுவரை அது தனிப் பெட்டியில், உங்கள் கண் படும் இடத்திலேயே இருக்கட்டும்.