மார்கழிப் பனியில சைக்கிள்

கேள்வி: அண்ணா, என் பொண்ணு பதினொன்னாவது படிக்கிறா, அரசு குடுத்த சைக்கிள்லதான் காலையில ஆறு மணிக்கு டியூஷன் போறா. மார்கழி பொறந்ததுல இருந்து எதிர்ல வர்றதே தெரியாத அளவுக்குப் பனி. நிறுத்திடலாமா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நிறுத்தாதீங்கம்மா, ஆனா டியூஷன்ல கேட்டு நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, வெயில் ஏறிட்டா பனி தானா விலகிடும். முடியாதுன்னா பின்னாடி பேட்டரியில எரியுற சிவப்பு லைட் கட்டாயம் மாட்டுங்க, ரிஃப்ளெக்டர் மட்டும் பத்தாது, அது தானா எரியாது, வண்டி வெளிச்சம் பட்டாதான் மின்னும், பனியில அந்த வெளிச்சமே சிதறிடுது.

அப்புறம் பிரேக். நம்மூர் சைக்கிள்ல இருக்கிற ஸ்டீல் ரிம்மை விடியக்காலையில தொட்டுப் பாருங்க, முத்து முத்தா தண்ணி நிக்கும், அதுல ரப்பர் கட்டை சட்டுனு பிடிக்காது. கிளம்புறப்போ துணியால தொடைச்சிட்டு, போற வழியில ரெண்டு தடவை லேசா பிரேக் அழுத்தி ஈரத்தை எடுக்கச் சொல்லுங்க. ரோட்டுல அடிச்ச வெள்ளைக் கோடும் ஈரத்துல வழுக்கும், அது மேல திருப்ப வேணாம். துப்பட்டாவை இறுக்கிக் கட்டி அதுக்கு மேல வெளிர் கலர் ஸ்வெட்டர் போடட்டும், முனை சக்கரத்துல சிக்கினா ஆளையே இழுத்துடும்.

44-ஆம் நம்பர் ஹைவே பக்கம் மட்டும் அந்த நேரத்துல அனுப்பவே அனுப்பாதீங்க, சர்வீஸ் ரோட்டுலயும் எதிர்த்திசையில வண்டி வருது. டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகன்ல ஐஸ் விழுந்தா சைக்கிள் பாதையைத்தான் முதல்ல சுத்தம் பண்றாங்க, நம்ம பிள்ளைங்களுக்குத் தனிப் பாதையே இல்லை, அதை வார்டு கவுன்சிலர்கிட்ட நாலு அம்மாங்க சேர்ந்து போய் எழுதிக் குடுங்க.