ஃபைட்டர் மீன் முட்டை பொரிக்கிறது, ஆனால் குஞ்சுகள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. ஏன்?

பொரிக்கிற வரை வந்துவிட்டதென்றால் உங்கள் ஜோடியிலும், முட்டைக்காக ஆண் கட்டும் நுரைக்கூட்டிலும் குறையில்லை. நீங்கள் சொல்லாவிட்டாலும் ஊகிக்கிறேன்: முட்டையைப் பார்த்த பிறகுதான் குஞ்சுக்கு என்ன போடுவது என்று தேடத் தொடங்கியிருப்பீர்கள். அப்படியென்றால் அவை பட்டினியில்தான் சாகின்றன.

28 டிகிரி தண்ணீரில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் வால் கீழே தொங்க நுரையடியில் கிடக்கும்; வயிற்றிலிருக்கும் கரு உணவே போதும். படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கிய அன்றே ஆண் மீனை எடுத்துவிடுங்கள், இரையையும் கொடுங்கள். அசைகிற இரை வேண்டும். பொடித் தீவனத்தைச் சீண்டாது. வேகவைத்த மஞ்சள் கருவிலேயே வளர்த்தேன் என்று யாராவது சண்டைக்கு வரலாம். வளர்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டர் ஓடாத 10–15 செ.மீ. தண்ணீரில் மிச்சம் விழுந்தால் விடிவதற்குள் அழுகி அம்மோனியா ஏறிவிடும்.

ஆகவே ஜோடி சேர்ப்பதற்கு மூன்று நாலு வாரம் முன்பே வினிகர் புழு, அதாவது வினிகரில் வாழும் நூல்போன்ற நுண்புழு, வளர்க்கத் தொடங்குங்கள். ஆப்பிள் வினிகரும் தண்ணீரும் சம அளவு, ஒரு ஆப்பிள் துண்டு, யாரிடமாவது வாங்கிய கொஞ்சம் தாய்ப்புழு. எடுக்கும்போது நீளக் கழுத்துப் பாட்டிலில் கழுத்தடி வரை அந்த வினிகரை ஊற்றி, மேலே பஞ்சை அடைத்து, பஞ்சுக்கு மேல் நல்ல தண்ணீர் விடுங்கள். காற்றுக்காகப் புழுக்கள் மேலேறி வரும். சில மணி நேரம் கழித்து டிராப்பரில் உறிஞ்சலாம். இவை தொட்டியில் நாள்கணக்கில் உயிரோடு நீந்தும். மைக்ரோவார்ம் என்ற இன்னொரு நுண்புழுவை வளர்ப்பது இதைவிடச் சுலபம்தான், ஆனால் அடியில் போய்ப் படிந்து செத்துவிடும். ஜாடித் தண்ணீரில் வளர்க்கும் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்களும் நல்லவையே. ஆனால் பலர் ஜாடி பால்போல் கலங்கியதும் ஊற்றிவிடுகிறார்கள்; அது வெறும் பாக்டீரியா. கலங்கல் தெளிந்த பிறகுதான் அதைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் இருக்கும்.

நீந்தத் தொடங்கி மூன்று நாலு நாளில் ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் இறால்போன்ற சிற்றுயிரின் குஞ்சு. அதன் முட்டையைப் பொரிக்க: லிட்டருக்கு 25–30 கிராம் உப்பு, 28 டிகிரி, அடியிலிருந்து நல்ல காற்று. 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் காலி ஓடு மேலே மிதக்கும். ஓடு கலக்காமல் கீழிருந்து எடுத்து, மெல்லிய துணியில் நல்ல தண்ணீர் விட்டு அலசிப் போடுங்கள். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரியும். ஒரே வேளையில் கொட்டினால் வயிறு ஊதி, நீந்த முடியாமல் தரையில் இழுபடும். கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை போதும்.

இதைத் தாண்டினால் அடுத்த கண்டம் மூன்றாவது வாரத்துக்கு மேல். அப்போதுதான் காற்றைச் சுவாசிக்கும் லேபிரிந்த் உறுப்பு வளர்கிறது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றும் தண்ணீரைப்போல் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். தொட்டியைக் கண்ணாடியால் மூடி, ஒரு ஓரத்தில் மட்டும் சிறு இடைவெளி விடுங்கள். இப்போது ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குமிழி எண்ணுகிற வேகத்தில் ஓடவிட்டால் போதும். தண்ணீர் மாற்றும்போது ஏர் டியூபால் அடியழுக்கை உறிஞ்சி, அதே சூட்டில் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வால் கொஞ்சம் விரிந்தாலே 'ஹாஃப்மூன்' என்று விற்கிறார்கள். ஆண் சிலிர்த்து நிற்கையில் வால் 180 டிகிரி விரிந்து ஓரங்கள் நேர்கோடாக நின்றால்தான் அது ஹாஃப்மூன். அந்தப் பெயரை நம்பி ஜோடி வாங்கினால் குஞ்சுகளின் வால் எப்படியும் வரலாம்.

இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் கடித்துக்கொள்ளும். 100 தேறினால் ஏறக்குறைய பாதி ஆண், ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி. அத்தனை ஜாடிக்கு இடமில்லையென்றால், பொரிப்பதற்கு முன்பே கூட்டில் பாதியைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.