பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

"மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். படம் காட்டிப் பழக்கினால் பேசவே மாட்டான் என்கிறார் மாமியார். பேச்சு வந்ததும் கூட்டி வாருங்கள் என்கிறது பள்ளி. என்ன செய்வது?" – மதுரை வாசகி

கையைப் பிடித்து இழுக்கிறான் என்றீர்களே, அதுவும் ஒரு பேச்சுதான் அம்மா. உங்களிடம் கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

மாமியாரின் பயம் பல வீடுகளில் இருப்பதுதான். ஆனால் படமோ செயலியோ பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியும் இருக்கிறது. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் 'ஆவாஸ்' செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம், ஓர் அட்டையில் பத்துப் படங்கள் போதும்.

என்னென்ன படங்கள் என்பதில்தான் தவறு நடக்கிறது. பிஸ்கட், தண்ணீர், போன் என்று ஒட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். 'வேண்டாம்', 'போதும்', 'இன்னும்', 'வலிக்குது' இவையும் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளை தட்டைத் தூக்கி எறியாமல் என்ன செய்யும்?

அவன் விரலைப் பிடித்துப் படத்தில் வைக்காதீர்கள். நீங்கள் தொடுங்கள். "போதுமா?" என்று கேட்கும்போதே 'போதும்' படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அப்புறம் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதுவரை வாய் திறக்க வேண்டாம். (இதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான பாடம்!) மாதக்கணக்கில் நீங்கள் மட்டுமே தொட்டுக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, கைக்குழந்தையிடமும் பதில் எதிர்பார்க்காமல்தானே பேசினோம். 'சொன்னால்தான் தருவேன்' என்ற பேரம் மட்டும் கூடாது. அடம் பிடிக்கிறான் என்று அட்டையை ஒளித்து வைப்பதும் வாயைப் பொத்துவது மாதிரிதான்.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. பாகுபாடின்றிச் சேர்க்கை என்பதையும், பேச்சுக்குத் துணையான மாற்று வழிகளை ஊக்குவிப்பதையும் அது சொல்கிறது. பேசினால்தான் சேர்க்கை என்று அதில் எங்கும் இல்லை. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும் அதில் உண்டு. அதனால் அவனுக்கு ஆறு வயதாவதற்குள் யுடிஐடி (UDID) என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள்.

சேர்ந்தபின் வீட்டில் இருக்கும் அதே அட்டைக்கு ஒரு நகல் வகுப்பிலும் இருக்கட்டும்; புத்தகப் பைக்குள் போனால் அதோடு சரி. கூடவே ஆசிரியைக்கு அரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: காதைப் பொத்தினால் என்ன அர்த்தம், ஒன்றுக்கு வந்தால் எப்படி நெளிவான், அழும்போது எது அவனை ஆற்றும்.