தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவை மீறுகிறார்: எதையெல்லாம் எடுத்து வைப்பது?

கேள்வி: குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறேன். கணவர் புதுப்புது எண்களிலிருந்து வாட்ஸ்அப் அனுப்புகிறார். ஸ்கிரீன்ஷாட் போதுமா? அவருடைய கால் லிஸ்ட் எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: அந்த ஆளுக்குப் பத்துப் பைசாகூடக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் கால் லிஸ்ட்டை போலீஸோ கோர்ட்டோ கேட்டால்தான் கம்பெனி தரும். திருட்டுத்தனமாக வாங்கினால் வழக்கு உங்கள் மேலேயே பாயும். லிஸ்ட் தேவையென்றால் அதை வரவழைக்கக் கோர்ட்டில் மனுப் போடச் சொல்லுங்கள். ‘டிடெக்டிவ்’ என்று போர்டு மாட்டியவர்களுக்கும் இதே பதில்தான்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்தி வந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். புது எண்ணைப் பெயர் போட்டு சேமித்தால் படத்தில் பெயர்தான் விழும், எண் விழாது. ஓரத்தை வெட்டாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும்: ஒரு பகுதியில் உங்கள் கையெழுத்து, மறு பகுதியில் நிபுணர் கையெழுத்து. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வக்கீல் சொன்னால் விடாதீர்கள்.

வாசலில் வந்து நின்றாரா? எதிர்வீட்டு சிசிடிவி பதிவை அன்றே கேளுங்கள். பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும்.

குழந்தையைப் பார்க்கக் கோர்ட் அனுமதித்திருந்தால் கவனம். ஞாயிறு பத்து மணிக்கு என்றிருந்து, ஞாயிறு பத்து மணிக்கு வந்தால் அது மீறல் ஆகாது. அதைப் புகாரில் சேர்த்தால் மற்ற புகார்களும் பலவீனப்படும். அதே ஞாயிறு மாலை ‘பிள்ளைக்குக் காய்ச்சலா?’ என்று ஆரம்பித்து ‘கேஸை வாபஸ் வாங்கு’ என்று முடித்தால் மீறல்தான். உத்தரவின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புகார் எழுதுங்கள்.

மீறினால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். ஆனாலும் ஸ்டேஷனில் ‘பேசித் தீர்த்துக்குங்கம்மா’ என்று சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான், வழக்குப் பதிவு அல்ல) அனுப்பப் பார்ப்பார்கள். 2005-ல் போட்ட சட்டம், இன்னும் இதே பாட்டுதான். மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்புங்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்திட்ட புகார் கொடுத்தால் அவர் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். நீங்களே நேராகவும் போகலாம். உத்தரவு நகலும், அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரமும் இணையுங்கள். ‘எனக்கு உத்தரவே வரவில்லை’ என்பதுதான் முதல் சாக்கு.

வேறு சாட்சி இல்லையே என்று புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே மீறல் நடந்ததாக கோர்ட் முடிவு செய்ய குடும்ப வன்முறைச் சட்டத்தின் 32-வது பிரிவு இடம் தருகிறது. அதனால் ஒவ்வொரு சம்பவத்தையும் தேதி, நேரம், அவர் பேசிய அதே வார்த்தைகளோடு அன்றன்றே நோட்டில் எழுதி வாருங்கள்.