காவியம் போனது, கரடி நின்றது

கேள்வி: ராபர்ட் சவுதி என்பவர் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராக இருந்தாராமே? பைரன், கீட்ஸ் தெரியும், இவர் யார்?

பதில்: 1813-லிருந்து 1843-ல் சாகும்வரை, முப்பது வருஷம் அந்தப் பதவியில் இருந்தவர். பதவி முதலில் வால்டர் ஸ்காட்டைத் தேடிப் போனது, அவர் வேண்டாம் என்றதும் இவருக்கு வந்தது. 1774-ல் பிரிஸ்டலில் ஒரு துணி வியாபாரிக்குப் பிறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படிக்கும்போதே பிரம்படியை எதிர்த்து எழுதி வெளியேற்றப்பட்டார். அப்புறம் கவிஞர் கோல்ரிட்ஜும் இவரும் அமெரிக்காவில் சஸ்குவெஹானா நதிக்கரைக்குப் போய், சொத்தெல்லாம் பொது என்று வாழத் திட்டம் போட்டார்கள். கப்பல் ஏறவே இல்லை. ஒரே வீட்டில் அக்காளைக் கோல்ரிட்ஜும் தங்கையை இவரும் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிற்பாடு கோல்ரிட்ஜ் குடும்பத்தை விட்டு விலகிப்போக, கெஸ்விக் என்ற ஊரில் இருந்த வீட்டில் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதிச் சம்பாதித்துக் காப்பாற்றியவர் சவுதி. இதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

கேள்வி: நம் சாமிகளை வைத்துக்கூட ஒரு காவியம் எழுதினாராமே?

பதில்: ஆமாம், 1810-ல் வந்த ‘கெஹாமாவின் சாபம்’. இந்தியாவை எட்டிப்பார்க்காமல், பயணிகளும் அறிஞர்களும் எழுதிய புத்தகங்களைக் குவித்து வைத்துக்கொண்டு எழுதியது. தன் மகளிடம் அத்துமீறிய ராஜகுமாரனை லடுர்லாட் என்ற ஏழை அடித்துக் கொல்கிறான். செத்தவனின் அப்பன்காரனான ராஜா கெஹாமா கொடுக்கும் சாபம் இருக்கிறதே, அதுதான் விசேஷம்: ஆயுதம் உன்னைத் தீண்டாது, நெருப்பு சுடாது, நோய் வராது, ஆனால் பூமி உனக்கு உணவு தராது, தண்ணீர் உன்னைக் கண்டால் விலகி ஓடும், தூக்கம் வராது, நெஞ்சிலும் மூளையிலும் தீ எரிந்துகொண்டே இருக்கும், சாவைத் தேடினாலும் கிடைக்காது. தண்ணீர் விலகுவதையே வசதியாக்கிக்கொண்டு அவன் கடலுக்குள் நடந்து, மூழ்கிக் கிடக்கும் மகாபலிபுரத்துக்குள் போய், அங்கே சிறைப்பட்ட ஒருவனை மீட்டு வருவான், பிரமாதமான இடம். மாரியாத்தாள் வருகிறாள், பிள்ளையார் வருகிறார், கடைசியில் எமலோகத்தில் கெஹாமா அமிர்தத்தைக் குடித்து, எமனின் சிம்மாசனத்தைச் சுமக்கும் தூண்களில் ஒன்றாக நிரந்தரமாக மாட்டிக்கொள்கிறான். இவ்வளவும் எழுதிய மனுஷன் முன்னுரையில் இந்து மதத்தைப் பொய்மதங்களிலேயே கோரமானது என்று திட்டியிருக்கிறார். திட்டிக்கொண்டே ரசித்திருக்கிறார் போல.

கேள்வி: அப்புறம் ஏன் மறந்துபோனார்கள்?

பதில்: அப்போதே அவ்வளவாக வாங்கவில்லையே! வேல்ஸ் இளவரசன் அமெரிக்கா போவதாகக் கதை சொல்லும் ‘மேடாக்’ (1805) முதல் வருஷத்தில் அவருக்குக் கொடுத்த லாபம் 3 பவுண்ட் 17 ஷில்லிங் 1 பென்னி. ஹோமரையும் வர்ஜிலையும் உலகம் மறந்த பிறகு இவர் காவியங்கள் வாசிக்கப்படும், அதற்கு முன்னால் இல்லை என்று போர்சன் என்ற கிரேக்கப் புலமையாளர் சொன்னதாகப் பைரன் எழுதிவைத்தார். இளமையில் புரட்சி பேசி, பிறகு அரசாங்கத்தின் ஆளாகிவிட்டார் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. பழைய புரட்சி நாடகமான ‘வாட் டைலர்’ 1817-ல் அவர் அனுமதி இல்லாமலே அச்சாகி மானத்தை வாங்கியது. ஆனால் அரசியல் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. கதையை அபாரமாகக் கட்டுவார், ஆட்கள்தான் உயிரோடு எழுந்து நிற்க மாட்டார்கள்.

கேள்வி: பெண்கள் எழுதக்கூடாது என்று சொன்னவர் இவர்தானா?

பதில்: இவரேதான். 1837-ல், ஆலோசனை கேட்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு, இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத்தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று பதில் எழுதினார். அந்தப் பெண் சார்லட் பிராண்டே. பத்து வருஷத்தில் அவர் எழுதிய ‘ஜேன் அயர்’ நாவல் வந்தது.

கேள்வி: அவர் எழுதியதில் எதுவுமே நிற்கவில்லையா?

பதில்: நிற்கிறதே, மூன்று கரடிகள் கதை! குழந்தைகளுக்குச் சொல்கிறோமே, அதை 1837-ல் முதலில் அச்சேற்றியவர் இவர். அதில் கரடி வீட்டில் நுழைந்து கஞ்சி குடிப்பது பொன்முடிச் சிறுமி கோல்டிலாக்ஸ் இல்லை, ஒரு பொல்லாத கிழவி. சிறுமியைப் பிற்பாடு வேறு யாரோ உள்ளே விட்டார்கள். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் வாழ்க்கை வரலாறும் (1813) இன்றைக்கும் சுவை குறையாத உரைநடை. காவியம்தான் வேண்டுமென்றால் கெஹாமாவில் சாபம் வரும் இரண்டாம் பகுதியையும் கடலடி நகரம் வரும் பதினைந்தாம் பகுதியையும் மட்டும் படியுங்கள், மிச்சத்துக்கு நான் பொறுப்பில்லை.