‘நான்-டெய்ரி’, ‘சுகர் ஃப்ரீ’: முகப்பை நம்பி வாங்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்குப் பாலும், முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகளும் ஒத்துக்கொள்ளாது என்று பரிசோதனையில் தெரிந்தது. சர்க்கரையையும் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். பான்கேக், கேக், கஞ்சி என்று எதைக் கொடுத்தாலும் மேலே ஏதாவது இனிப்பு வேண்டும் என்கிறான். ‘நான்-டெய்ரி’ என்று அச்சிட்டிருந்த விப்பிங் கிரீமை வாங்கிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டது. பால் இல்லாத பொருளில் இது எப்படி நடந்தது? இதற்காகப் புகார் கொடுக்க முடியுமா? அவனுக்கு வேறு எதைத்தான் கொடுப்பது?

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உதடு வீங்கியதை மருத்துவரிடம் இன்னும் தெரிவிக்கவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள். ஒருமுறை தோலோடு நின்றுவிட்ட ஒவ்வாமை அடுத்த முறை மூச்சுத்திணறலாக வரக்கூடும். ஆகவே அவசரத்துக்குக் கைவசம் எபிநெஃப்ரின் ஊசி வைத்திருக்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘நான்-டெய்ரி’ என்றால் பாலே கிடையாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பாலாடைக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த கிரீமுக்கும் இந்தப் பெயரைச் சூட்டி விற்கிறார்கள். எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கவும், அடித்த நுரை கலையாமல் நிற்கவும் அதில் சோடியம் கேசினேட் என்ற பொருளைச் சேர்ப்பதுண்டு. அது பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் என்னும் புரதம். உங்கள் மகனின் உடல் எதிர்ப்பது பாலின் கொழுப்பை அல்ல, அதன் புரதத்தை. ஆகவே கொழுப்பை மட்டும் மாற்றிய கிரீம் அவனைப் பொறுத்தவரை பால்தான். ‘லாக்டோஸ் ஃப்ரீ’ என்பதும் அப்படியே. அதில் பால் சர்க்கரையை மட்டுமே நீக்கியிருக்கிறார்கள், புரதம் முழுவதும் இருக்கிறது. பால் புரதம் உள்ள பொருளின் முகப்பில் ‘நான்-டெய்ரி’ என்று அச்சிட அனுமதிப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

புகாரைப் பொறுத்தவரை, எல்லாம் பொட்டலத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. உட்பொருள் பட்டியலில் சோடியம் கேசினேட் என்றும், அது பாலிலிருந்து பெறப்பட்டது என்றும் குறிப்பிட்டிருந்தால், தயாரிப்பாளர் தம் கடமையைச் செய்துவிட்டதாகவே பெரும்பாலும் கருதப்படும். பட்டியலில் பாலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் உள்ளே பால் புரதம் இருந்தால், அது சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட வேண்டிய பொருள். மிச்சமிருக்கும் கிரீமைக் கொட்டிவிடாதீர்கள். அதைப் பொட்டலத்தோடு உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, லேபிள், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி, ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்துமூலம் அனுப்புங்கள். மருத்துவர் எழுதிய குறிப்பு இருந்தால் அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.

இனி வாங்கும்போது கேசீன், கேசினேட், வே (whey, பால் திரியும்போது பிரியும் நீர்), பால் திடப்பொருள், மோர்ப் பொடி, நெய் ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிப் பழகிய பொருளாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் படிக்க வேண்டும், ஏனென்றால் பெயரையும் உறையையும் மாற்றாமலே சேர்மானத்தை மாற்றிவிடுகிறார்கள். ‘பால் கலந்திருக்கலாம்’, ‘கொட்டைகள் கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கையை அச்சிடுவது பல நாடுகளில் கட்டாயமில்லை; அந்த வரி இல்லை என்பதற்காக அந்தப் பொருள் பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிட முடியாது. கறுப்புச் சாக்லேட்டில் இது மிக முக்கியம். அது பெரும்பாலும் பால் சாக்லேட் ஓடும் அதே இயந்திரங்களில் தயாராவதால், பட்டியலில் பால் இல்லாத சாக்லேட்டிலும் பால் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு.

மாற்று என்று கேட்டால், தேங்காய்ப்பால் கிரீமைத்தான் முதலில் சொல்வேன். தேங்காயும் முந்திரியும் ஒரே இனத்தவை அல்ல. கொட்டை ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் சிலருக்குத் தேங்காயே ஒவ்வாமை தரும் என்பதால், அவன் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கொழுப்பு அதிகமுள்ள டப்பாத் தேங்காய்ப்பாலை இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் குலுக்காமல் திறந்தால், மேலே கெட்டியாக ஒரு வெள்ளைப் படலம் உறைந்திருக்கும். அடியில் தங்கிய நீரை விட்டுவிட்டு அந்தக் கெட்டியை மட்டும் கரண்டியால் வழித்தெடுத்து, குளிர்ந்த பாத்திரத்தில் போட்டு அடித்தால், கரண்டியைத் தூக்கும்போது நுனி நிற்கும் அளவுக்குக் கிரீம் எழும்பும். குவார் கோந்து போன்ற கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்த டப்பாக்களில் சிலவேளை நீர் பிரியாமல் போகும். தேங்காய்ப்பால் பொடியை மட்டும் பட்டியலைப் படிக்காமல் வாங்கிவிடாதீர்கள். அதிலும் சோடியம் கேசினேட் சேர்ப்பது வழக்கம். இந்தக் கிரீமில் நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) மிகுதி என்பதால் ஓரிரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமானது பழக் குழம்பு. ஸ்ட்ராபெரி, ஆப்பிள், பேரிக்காய் என்று அவனுக்குப் பிடித்த பழத்தைப் பொடியாக நறுக்கி, சிறிது நீர் தெளித்து, மிதமான தீயில் குழைய வேகவிடுங்கள். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால், கொதி வரும்போது குழம்பு பளபளத்துக் கெட்டியாகும். ஆறியதும் இன்னும் இறுகும். நன்றாகப் பழுத்த பழமாக இருந்தால் சர்க்கரையே வேண்டியதில்லை.

‘இயற்கை இனிப்பு’ என்று விற்கப்படும் சிரப்புகளை இதனோடு ஒப்பிட வேண்டாம். தேன், சிரப் வகைகள், பழச்சாறு, பழச்சாற்றுச் செறிவு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தன் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் நாம் கரண்டியால் போடும் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது; முழுப் பழத்தில் உள்ளதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொண்டைக்கடலை வெந்த நீரை அடித்துச் செய்யும் நுரையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பால், முட்டை இரண்டும் இல்லாதது என்ற வகையில் அது நல்லதே, ஆனால் அந்த நுரை கலையாமல் நிற்க நிறையச் சர்க்கரை தேவைப்படும் என்பதால் உங்கள் மகனுக்கு அது ஏற்றதல்ல.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருக்கிறது, இன்சுலின் போடுகிறோம். ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட் சிரப்பைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றிக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டுதலின்படி, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத பொருளை ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்லலாம். அதில் மாவுச்சத்தே (கார்போஹைட்ரேட்) இல்லை என்பது இதன் பொருளல்ல. இத்தகைய சிரப்புகளில் இனிப்புக்காக மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களை (பெயர் அப்படியானாலும் இவை மது அல்ல) சேர்ப்பதுண்டு; மால்டிட்டால் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைவாகவே என்றாலும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தத்தான் செய்யும். அதே வகையைச் சேர்ந்த எரித்ரிட்டால் ஏறக்குறைய உயர்த்துவதே இல்லை. ஆகவே ‘மொத்த மாவுச்சத்து’ என்ற வரியையும், எந்த இனிப்பூட்டி என்பதையும் பார்த்து, எவ்வளவைக் கணக்கில் கொள்வது என்று உங்கள் உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். அதிகம் ஊற்றினால் வயிற்றுப்போக்கும் வரும், சிறு குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவே.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும் நேரத்தில் இந்தச் சிரப் உதவாது; அப்போது உண்மையான சர்க்கரையோ குளுக்கோஸோதான் வேண்டும். பதற்றத்தில் தவறான புட்டியை எடுத்துவிடாமல் இருக்க, இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். பள்ளியில் பொறுப்பில் இருப்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே ஃப்ரக்டோஸ் என்னும் பழச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாத குறைபாடு இருக்கிறது. சர்க்கரை சேர்க்காத பழ டாப்பிங் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: மேலே முதல் கேள்விக்குச் சொன்ன பழக் குழம்பு உங்கள் மகளுக்கு ஆபத்தானது. பழத்தின் இனிப்பில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும், பாதி ஃப்ரக்டோஸால் ஆன சுக்ரோஸ் என்னும் சாதாரணச் சர்க்கரையும்தான், தேனும் அப்படியே. ‘சுகர் ஃப்ரீ’ பொருட்களில் வரும் சார்பிட்டாலும் கூடாது, ஏனென்றால் உடல் அதை ஃப்ரக்டோஸாகவே மாற்றுகிறது. இருமல் மருந்து போன்ற சிரப்புகளிலும் சார்பிட்டால் இருக்கும் என்பதால், மருந்தகத்திலும் இந்தக் குறைபாட்டைச் சொல்லியே மருந்து வாங்குங்கள்.

மற்றவர்கள் தவிர்க்கப் பார்க்கும் தூய குளுக்கோஸ்தான் இவளுக்கு ஏற்ற இனிப்பு. பால் ஒத்துக்கொள்ளும் குழந்தையாக இருந்தால், பாலில் கார்ன்ஃப்ளாரும் குளுக்கோஸ் பொடியும் கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பைக் கேக்கின் மேல் ஊற்றலாம். சர்க்கரையைவிட இனிப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும். பொடி வாங்கும்போது சுக்ரோஸும் பழச்சுவையும் கலக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ‘குளுக்கோஸ்-ஃப்ரக்டோஸ் சிரப்’ என்று பட்டியலில் இருந்தால் தொடவே வேண்டாம். வாங்கிய பொடியின் லேபிளை உணவியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.