கவுன்சில் காசு எங்க போகுது? கேட்டதுக்கெல்லாம் பதில்

இங்கிலாந்துல ஒரு கவுன்சிலோட (நம்ம ஊர் நகராட்சி மாதிரி உள்ளாட்சி) ஃபைனான்ஸ் செக்‌ஷன்ல ரொம்ப வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், பட்ஜெட் சீசன் வந்தா எல்லாரும் இதைத்தான் கேக்குறீங்க, அதான் மொத்தமா உக்காந்து எழுதிட்டேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ் கதை வேற, அதை இதுல கலக்கல.

கேள்வி: அக்கா, எங்க லைப்ரரியை காசில்லன்னு மூடிட்டாங்க, அதே மாசம் டவுன் சென்டர்ல கிரானைட் பதிச்சு ஃபவுண்டன் வைக்கிறாங்க. இது என்ன நியாயம்?

பதில்: நியாயமான்னு கேட்டா இல்லதான், ஆனா சட்டப்படி சரி. கேபிட்டல்னா சொத்து உருவாக்குற காசு, ரெவின்யூன்னா அன்றாடச் செலவு, முன்னதை எடுத்து பின்னதுக்கு செலவு பண்ணவே கூடாது. கட்டடம், சதுக்கம், ரோடு இதெல்லாம் கேபிட்டல், சம்பளம், கரண்ட் பில், லைப்ரரியனோட வேலை இதெல்லாம் ரெவின்யூ. மொய்யில வந்த குத்துவிளக்கை வச்சு வீட்டு வாடகை கட்ட முடியுமா, அந்த மாதிரி. ஊரை புதுப்பிக்கிற காசு பெரும்பாலும் மத்திய அரசு இன்னதுக்குன்னு சீட்டு ஒட்டி அனுப்புற கேபிட்டல். லெவலிங் அப் ஃபண்ட்னு பின்தங்கின ஊர்களுக்கு 4.8 பில்லியன் பவுண்டு விட்டாங்களே, அதுக்கு கவுன்சிலுங்க ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்துச்சு, எழுத கன்சல்டன்ட்டுக்கு வேற அழணும், கிடைக்கலன்னா அந்தக் காசும் போச்சு. 2023 ஜனவரில வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயரா இருந்த ஆண்டி ஸ்ட்ரீட், அப்ப ஆளுங்கட்சியா இருந்த கன்சர்வேட்டிவ்காரரே, இது திருவோடு ஏந்துற கலாச்சாரம்னு வெளிப்படையா கடுப்படிச்சார். அவர் சொன்னதுல தப்பே இல்ல.

கேள்வி: அக்கா, சுகாதாரம் எண்டால் என்எச்எஸ் (அரசாங்க வைத்திய சேவை) தானே பாக்கோணும்? கவுன்சில்காரர் ஏன் அதுக்குக் காசு வச்சிருக்கினம்?

பதில்: 2013 ஏப்ரல் 1ல இருந்து பப்ளிக் ஹெல்த், அதாவது நோய் வராம பாத்துக்கிற வேலை, கவுன்சில் கைக்கு வந்துடுச்சு தம்பி. ஆஸ்பத்திரி, ஜிபி (குடும்ப டாக்டர்) எல்லாம் என்எச்எஸ்தான். ஆனா சிகரெட் விட உதவி, 40ல இருந்து 74 வயசு வரைக்கும் ஹெல்த் செக், போதை சிகிச்சை, பாலியல் நோய் கிளினிக், குழந்தை பொறந்தா வீட்டுக்கு வர்ற ஹெல்த் விசிட்டர் (இது மட்டும் 2015 அக்டோபர்ல வந்துச்சு), இதெல்லாம் கவுன்சில் பொறுப்பு. இதுக்கு தனி கிரான்ட் வரும், வேற எதுக்கும் தொடக்கூடாது. எவ்வளவு வரும்ங்கறதுதான் கூத்து. தேவைக்கு ஏத்த மாதிரி ஒரு ஃபார்முலா போட்டாங்க, ஆனா ஆரம்பத்துல முந்தி அந்த ஊர்ல என்எச்எஸ் எவ்வளவு செலவு பண்ணிட்டு இருந்ததோ அதையே அடிப்படையா வச்சு குடுத்துட்டாங்க, அதனால 2013-14ல தலைக்கு அதிகமா வாங்கின லிஸ்ட்ல லண்டன்ல இருக்கிற பணக்கார கென்சிங்டன் அண்ட் செல்சீயும் வந்துச்சு. அப்புறம் 2015ல வருஷம் பாதி ஓடினப்புறம் நாடு முழுக்க 200 மில்லியனை வெட்டினாங்க. கான்ட்ராக்ட் போட்டாச்சு, ஆளு எடுத்தாச்சு, இப்ப வெட்டுன்னா எங்க போறது?

கேள்வி: தொடக்கூடாதுன்னா நிஜமாவே தொட மாட்டாங்களா?

பதில்: ஹா ஹா. நேரா தொட மாட்டாங்க. பார்க் பராமரிப்பு, சில்ட்ரன்ஸ் சென்டர், நீச்சல் குளம் இதுங்களும் ஆரோக்கியம்தானேன்னு சொல்லி அதுல ஒரு பகுதிச் செலவை கிரான்ட் கணக்குக்கு மாத்திடுவாங்க. கிரான்ட் சரியாத்தான் செலவாச்சுன்னு வருஷா வருஷம் டைரக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் கையெழுத்து போடணும், அதனால அவரு கொஞ்சம் முறைச்சுக்கிற ஆளா இருந்தா ஊருக்கு நல்லது. என்னைக் கேட்டா ஃபவுண்டனை விட இதைத்தான் நீங்க கவனிக்கணும், ஏன்னா இது கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: லண்டன் வெம்ப்ளில டவர் டவரா கட்டித் தள்றாங்க. பில்டர்கிட்ட இருந்து நமக்கு ஒண்ணும் வராதா?

பதில்: வரும். ரெண்டு வழி. செக்‌ஷன் 106ங்கறது அந்த ப்ராஜெக்ட்டுக்குன்னே பில்டரோட பேசி முடிக்கிற ஒப்பந்தம், சில்னு (CIL, கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி) சொல்றது சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு கட்டணம். சில் காசுல 15 சதவீதம் அக்கம்பக்கத்துக்குன்னு ஒதுக்கணும், நெய்பர்ஹுட் ப்ளான் (அந்த ஏரியாவுக்குன்னு போடற கட்டட வளர்ச்சித் திட்டம்) ஓட்டெடுப்புல பாஸ் ஆகியிருந்தா 25. பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி மாதிரி சின்ன கவுன்சில்) இல்லாத இடத்துல ஏரியா மக்களைக் கேட்டுத்தான் செலவு பண்ணணும். கோயில் கமிட்டி, தமிழ்ப் பள்ளி, சீனியர் கிளப்பெல்லாம் விண்ணப்பம் போட வாய்ப்பிருக்கு, நம்மாளுங்கதான் கண்டுக்கறதில்ல.

கேள்வி: பர்மிங்ஹாம்ல திவால்னு சொல்லிட்டு எப்படி இன்னும் ஓடுது?

பதில்: கவுன்சில் கம்பெனி மாதிரி திவால் ஆகாது. 2023 செப்டம்பர்ல அவங்க போட்டது செக்‌ஷன் 114 நோட்டீஸ், அதாவது சட்டப்படி கட்டாயமானதைத் தவிர புதுச் செலவு கிடையாது. ஈக்வல் பே பாக்கி (பெண்களுக்கு சமமா குடுக்காம விட்ட சம்பளம்), ஆரக்கிள்ங்கற கணக்கு சாஃப்ட்வேர் குளறுபடி எல்லாம் சேர்ந்து அமுக்கிடுச்சு. அப்புறம் மத்திய அரசு அனுப்பின கமிஷனர்கள் வந்தாங்க, ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கி 2024-25ல கவுன்சில் டாக்ஸை (வீட்டு வரி) 9.99 சதவீதம் ஏத்தினாங்க, கட்டடம் நிலமெல்லாம் வித்து அன்றாடச் செலவைப் பாத்துக்கவும் அனுமதி வாங்கினாங்க. மேல முதல் பதில்ல கூடவே கூடாதுன்னு சொன்னேனே, மந்திரி கையெழுத்து போட்டா அதுவும் கூடும்.

கேள்வி: என் கவுன்சில் டாக்ஸ் எதுக்குப் போகுது?

பதில்: முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் கேர். அந்தப் பொறுப்பு இருக்கிற கவுன்சில்னா பாதிக்கு மேல அதுலயே போயிடும்.

கேள்வி: நான் இந்தியன் பாஸ்போர்ட். எங்கிட்ட கருத்து கேப்பாங்களா?

பதில்: கேப்பாங்க, கருத்து சொல்ல பாஸ்போர்ட் தேவையில்ல. டிராஃப்ட் பட்ஜெட் பெரும்பாலும் டிசம்பர் வாக்குல வெளிய வரும், மார்ச் 11க்குள்ள முடிச்சாகணும், பிப்ரவரில போய் கத்தினா பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, இந்திய, இலங்கை குடிமக்கள் காமன்வெல்த்ங்கறதால இங்க முறைப்படி தங்கியிருந்தா லோக்கல் எலெக்‌ஷன்ல ஓட்டே போடலாம். வாக்காளர் லிஸ்ட்ல பேர் இருந்தா, வருஷா வருஷம் கணக்கைத் திறந்து வைக்கிற அந்த 30 வேலை நாள்ல பில்லு, கான்ட்ராக்ட் எல்லாம் கேட்டு வாங்கிப் பாத்து, தப்பா தெரிஞ்சா ஆடிட்டர்கிட்ட ஆட்சேபனையும் போடலாம். ஓசிதான். எங்க ஆபீஸ்ல அந்த லெட்டரைப் பாத்தா எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும், போடுங்க.